கை நனைக்காத இரண்டு நாள்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். இன்றைக்கு எங்கள் ஊர் கணபதியில் சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது; பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். யார் கையையும் பிடித்து மேலே வந்தவனில்லை. சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. அப்படிப்பட்டவன் மேட்டுப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் தட்டேந்தி வரிசையில் நின்றது, மகளின் கல்யாணப் பேச்சினால்.

மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். ஆற்றோரம் பாக்குத் தோப்பு, நடுவில் ஓட்டு வீடு. மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. எனக்குத்தான் மனது வரவில்லை. பல்லடத்தில் இதைவிட வசதியான இடம் ஒன்று பேச்சில் இருந்தது. முடிவு சொல்லாத வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. ஒரு வாய் சாப்பிட்டாலும் சம்மதம் சொன்னதாகிவிடும். பலகாரத் தட்டு வந்தபோது, "தண்ணி மட்டும் போதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மலையில் மூன்று நாளாக மழை. மத்தியானம் அணையைத் திறந்துவிட்டதாக ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அரை மணியில் தோப்புக்குள் தண்ணீர். நாங்கள் திரும்பிப் போக ரோடும் இல்லை. எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே வகுப்பறை. பையனின் அம்மாவால் வீட்டிலிருந்து கொண்டுவர முடிந்தது ஒரு துணிமூட்டையும் ஊறுகாய் ஜாடியும்தான்.

அங்கே போட்ட சாப்பாட்டை இன்னும் மறக்கவில்லை. சாயங்காலம் உப்புமா, கரண்டியைத் தூக்கினால் மொத்தமாகக் கூடவே வந்தது. மறுநாள் சாம்பார் சாதம். அடிப்பிடித்த வாசம், வேகாத பருப்பு, நடுவில் கல். ஈர விறகில் அத்தனை பேருக்குச் சமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் தொண்டையில் இறங்கவில்லை.

முதல் நாளே அந்த அம்மா ஜாடியைத் திறந்தார். "ஏனுங்க, எலுமிச்சங்கா ஊறுகாய்ங்க. ஒரு துண்டு வெக்கட்டுங்களா?"

அது அவர்கள் வீட்டுப் பண்டம். தட்டைக் கையால் மூடினேன். "வேண்டாங்க, வாய்ப்புண்ணு."

மனைவி காதோரம் சொன்னாள்: "கவர்மெண்டு சோத்தத் தின்னு கவர்மெண்டோட சம்பந்தம் பண்ணியாச்சு. இவியகூடப் பண்றதுக்குத்தான் இத்தன ரோசனையா?"

"சும்மா இரு" என்றேன்.

மறுநாள் மத்தியானம் ஜாடி வரிசையில் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் தட்டிலெல்லாம் ஒவ்வொரு துண்டு விழுந்தது. எங்கள் இரண்டு பேர் தட்டை மட்டும் அந்த அம்மா தாண்டிப் போனார். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "இவியள உட்டுப்போட்டீங்களே?"

பையனின் அப்பா பதில் சொன்னார். "அவிய வந்த காரியம் வேறீங்க. பசிய வெச்சுச் சம்மதம் வாங்கப்படாது."

அவர் தோப்பு அப்போது இரண்டாம் நாளாகத் தண்ணீருக்குள் நின்றது. எங்களைப்போல ஒரு இடம் கைக்கு வந்தால் அவருக்கு நல்லதுதான். அது அவருக்கும் தெரியும். நான் தொழிலில் எத்தனையோ பேரின் அவசரத்தைப் பார்த்து விலை பேசியவன். அது கெட்டிக்காரத்தனம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மகளைக் கொடுக்கிற வீட்டில் அந்தக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம் என்று பட்டது. பல்லடத்துக்காரர்களிடம் அது நிறையவே உண்டு.

தட்டை நீட்டினேன். "எனக்கும் ஒரு துண்டு வையுங்க."

அந்த அம்மா திரும்பி வந்தார். உடனே வைக்கவில்லை. "வாய்ப்புண்ணு ஆறிப்போச்சுங்களா?"

"ஆறிப்போச்சுங்க."

வைத்தார். உப்பு தூக்கலாகத்தான் இருந்தது. முழுத் துண்டையும் தின்றேன். பக்கத்தில் மனைவியின் தட்டும் நீண்டது.

"எனக்கு ரெண்டாப் போடுங்க, சம்பந்தி" என்றாள். "நேத்தையதும் பாக்கி இருக்குது."