பெட்டிக்குத் துணையாக வந்தவர்

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது காலை பத்து மணிக்கு மேல். கண் கூசும் வெயில். விமானம் நிறைய ஆட்கள், எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்த விமானத்தில் வேலை பார்த்தவள் இன்றுவரை இதில் ஒரு சொல்லைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. கூட்டியும் சொன்னதில்லை. கேட்டால் மட்டும் சொல்வாள். அதுவும் இரண்டாம் முறை கேட்டால்.

விமானப் பணிப்பெண்களில் அவள் மூத்தவள். பதினாறு வருட வேலை. உடன் இருப்பவர்கள் முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கணக்கக்கா. அந்தப் பெயர் வந்த காரணம் அவ்வளவு பெருமையானதில்லை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் தலைகளை எண்ணி, பயணிகளை அனுப்பும் கேட்டிலிருந்து வரும் தாளில் உள்ள எண்ணோடு சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. ஒரே வருடத்தில் இரண்டு முறை தப்பாக எண்ணினாள். ஒருமுறை, தூங்கும் தாயின் போர்வைக்குள் இருந்த குழந்தையை விட்டுவிட்டாள். இன்னொரு முறை, கழிவறைக்குள் இருந்த ஆளை. இரண்டு தடவையும் ஓடுபாதை வரை போன விமானம் திரும்பி வந்தது. இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. மூன்றாவதற்குக் கடிதம் கிடையாது, நேரே வீடுதான் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். வீட்டிலோ கணவர் இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகப் படுக்கையில். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அன்று சரக்கு அறையில் ஒரு பெட்டி வருகிறது என்று விமானி முன்பே சொல்லியிருந்தார். பணியில் இறந்துபோன ஒரு சிப்பாயின் உடல், சொந்த ஊருக்குப் போகிறது.

சிப்பாய்கள் பயணிகள் விமானத்தில் சீருடையோடு வருவதில்லை. விடுப்பில் போனாலும், விடுப்பு முடிந்து திரும்பினாலும் சாதாரண உடைதான். ஒட்ட வெட்டிய முடியையும் ஷூவின் பளபளப்பையும் வைத்து அவளே ஆளைச் சொல்லிவிடுவாள். ஒரே ஒருவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பெட்டிக்குத் துணையாக வருகிறவர் முழுச் சீருடையில் வருவார். பெட்டி தனியாகப் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

அவர் மற்றவர்களைப் போல கேட் வழியாகவும் வரமாட்டார். பெட்டி ஏற்றப்படுவதைத் தரையில் நின்று பார்ப்பார். சல்யூட் அடிப்பார். சரக்கு அறை மூடிய பிறகு வெளிப்படிக்கட்டில் ஏறி வருவார். அவருடைய பயணச்சீட்டு இயந்திரத்தில் ஏறாது. கேட்காரர்தான் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். சீருடையைப் பார்த்த பிறகு சீட்டை எடு என்று கேட்க யாருக்கும் வாய் வராது. அவளும் கேட்டதில்லை.

மணி 10.05.

பின்னால் இரும்புப் படிக்கட்டு. பூனை ஏறினால்கூட டங்கென்று சத்தம் போடும் படிக்கட்டு அது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. திரும்பினால்... வாசலில் நிற்கிறார்.

முப்பது வயதிருக்கும். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தேய்த்த சீருடை. வலது தோளில் மட்டும் சர்க்கரை சிந்தினாற்போல ஏதோ மினுமினுத்தது.

"அவன் ஏறிட்டானா?" என்றார்.

"ஏறியாச்சு சார். பத்திரமா இருக்கார்."

அவர் தலையசைத்தார். பதினான்காம் வரிசை, நடைபாதை ஓரம் என்று அவள் கையைக் காட்டினாள். போய் உட்கார்ந்தார். முதுகு சாய்க்காமல், தொப்பியை முழங்காலில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டு.

10.28. எல்லோரும் ஏறியாகிவிட்டது. அவள் எண்ணும் கருவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் நடந்தாள். டிக். டிக். டிக். எழுபத்தைந்து.

பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டு வந்தவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான பெண். எல்லோரும் அவளைப் புதுசு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எத்தனை?"

"எழுபத்தி நாலுக்கா."

"சரியா எண்ணினியா?"

"உங்கள விட சரியாத்தான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் புதுசு.

கேட்காரர் தாளோடு வாசலில் வந்து நின்றார். தாளிலும் எழுபத்து நான்கு. துணைக்கு வந்த சிப்பாயைச் சேர்த்தாயிற்றா என்று அவள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவரையே வேறு கேட்டிலிருந்து பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் இங்கே மாற்றியிருந்தார்கள்.

"பேப்பர்ல இருக்கறதுதான்க்கா கணக்கு. நேரமாச்சு, கையெழுத்தப் போடுங்க."

அவள் மறுபடி நடந்தாள். இந்த முறை வரிசை வரிசையாக, ஒவ்வொரு தலைக்கும் நின்று. பதினான்காம் வரிசை. சன்னலோரம் டை கட்டிய ஒரு விற்பனைக்காரர். டிக். அவருக்குப் பக்கத்தில் சிப்பாய். டிக்.

எழுபத்தைந்து.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள். கேட்காரர்கள் சிப்பாயைத் தாளில் சேர்க்க மறந்திருக்கிறார்கள். புதுசும் பராக்குப் பார்த்து ஒரு தலையை விட்டிருக்கிறாள். இரண்டு தப்பும் சேர்ந்து ஒரே எண்ணாகி நிற்கிறது. உண்மையைச் சொன்னால் கதவு திறந்தே கிடக்கும், எல்லோரையும் எழுப்பிச் சீட்டைப் பார்க்க வேண்டும், அரைமணி தாமதம். அறிக்கையில் முதல் பெயர் அவளுடையதாக இருக்கும். அவள் எண்ணியது சரியா தப்பா என்று எவனும் கேட்கப்போவதில்லை. கணக்கக்கா மறுபடியும் கணக்கில் மாட்டினாள் என்பார்கள். அவ்வளவுதான்.

உட்கார்ந்திருப்பது சிப்பாய்தானே, திருடனா என்ன?

எழுபத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 10.36-க்குக் கதவு மூடியது.

11.02. காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு பதினான்காம் வரிசைக்கு வந்தாள். விற்பனைக்காரர் போர்வை கேட்டார். இந்த இடத்தில் மட்டும் ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். கொடுத்தாள். பிறகு சிப்பாயின் பக்கம் குனிந்தாள்.

"சார், காபி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் ஏறிட்டானா?"

அதே சொல். அதே குரல். ஒரு மூச்சுகூட ஏறி இறங்காமல்... அச்சு அசலாக அதே மாதிரி. பாவம், தூக்கமில்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். ஏறியாச்சு சார் என்றாள். விற்பனைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எனக்குக் காபி வேண்டாம் என்றார். அவரை யாரும் கேட்கவே இல்லை.

11.19. அவள் காலிக் கோப்பைகளைச் சேகரித்துக்கொண்டு வந்தாள். விற்பனைக்காரர் காலடியிலிருந்து கனமான கறுப்புப் பையைத் தூக்கினார். தூக்கி, பக்கத்தில் வைத்தார். சிப்பாயின் மடிமேல்.

"சார், அவர் மேல வைக்கறீங்களே."

"யார் மேல?"

அவள் பார்த்தாள்.

பை இருக்கையின்மேல் தட்டையாக உட்கார்ந்திருந்தது. துணியோடு ஒட்டி. கீழே ஒரு இடைவெளிகூட இல்லை.

சிப்பாயும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் மெல்லக் குனிந்து... தன் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் இருந்த பையைப் பார்த்தார்.

பிறகு அவளைப் பார்த்தார்.

எப்படி முன்பக்கம் வந்து சேர்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. மடக்கு இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். காலிக் கோப்பைகள் இன்னும் கையில் இருந்தன. புதுசு வந்து கோப்பைகளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பதினாலாம் வரிசையில, நடைபாதை ஓரம்... யாரு?"

"காலிக்கா. டை கட்டினவர் பைய வச்சிருக்கார். எடுக்கச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

விமானியிடம் சொல்லலாம். என்னவென்று? எழுபத்தைந்து எண்ணிவிட்டு எழுபத்து நான்கு போட்டேன் என்றா? இல்லாத ஆளை எண்ணினேன் என்றா? எதைச் சொன்னாலும் வேலை போகும். வாயை மூடிக்கொண்டாள். சரக்கு அறையில் படுத்திருக்க வேண்டியவன் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறான். அப்படித்தான் நினைத்தாள். அவளுக்குக் கீழே, தரைக்கு அடியில், ஏதோ ஒன்று சீராக அதிர்ந்துகொண்டே வந்தது. எஞ்சின்தான். எஞ்சின்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

11.52. சக்கரம் தரையைத் தொட்டது.

விமானம் நின்றதும் விமானியின் குரல் கேட்டது. காலையிலேயே கொடுத்திருந்த குறிப்பைப் பார்த்து வாசித்தார். தன் நண்பனை வீட்டுக்கு அழைத்துவரும் வீரர் ஒருவர் நம்மோடு பயணம் செய்திருக்கிறார், அவர் முதலில் இறங்கும் வரை தயவுசெய்து எல்லோரும் உட்கார்ந்திருங்கள்.

அவளால் தடுக்க முடியவில்லை.

பெல்ட் கழற்றும் சத்தம் நின்றது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். எழுபத்து நான்கு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

யாரும் எழவில்லை.

அவர் எழுந்தார்.

தொப்பியைத் தலையில் வைத்தார். நடந்து வந்தார்.

பதின்மூன்றாம் வரிசையில் நடைபாதையில் நீட்டியிருந்த ஒரு கால்... தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

பன்னிரண்டு. இன்னொரு கால்.

ஒன்பதில் அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்தியது.

ஆறு. ஒரு பெண் கையைத் தேய்த்துக்கொண்டாள்.

மூன்று.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் வழி விட்டார்கள்.

அவள் முன்னால் வந்து நின்றார். பெட்ரோல் வாடை.

அவள் கதவோரம் ஒட்டிக்கொண்டாள். வெளியே வெயிலில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சீருடையில் ஆறு பேர். ஒரு பெண். அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒருவர் சட்டம் போட்ட புகைப்படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். இறந்தவனின் படம். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய ஒரு தழும்பு இங்கிருந்தே தெரிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

தன் பக்கத்தில் நிற்கிற சிப்பாயின் புருவத்தில் தழும்பு இல்லை. மூக்கு வேறு. தாடை வேறு. இது அவனில்லை.

அப்படியானால்... இவர் யார்?

அவர் படியிறங்கினார். இரும்பு சத்தம் போடவில்லை. பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார். சல்யூட் அடித்தார். பெட்டி வண்டியில் ஏறியது. பிறகு அங்கே வெயில் மட்டும் இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று யாரோ உள்ளே கேட்டார்கள். "யாருக்காக உட்கார்ந்திருக்கோம்?"

விமானி அறையை விட்டு வெளியே வந்தார். துணைக்கு வந்தவர் எங்கே என்று அவளைக் கேட்டார். இறங்கிவிட்டார் என்றாள். விமானி கீழே போனார். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். பெட்டியை ஏற்றிவந்த லாரிக்குப் பின்னால் துணைக்காரரின் ஜீப் வந்திருக்கிறது. பாலத்தில் கவிழ்ந்து கண்ணாடியெல்லாம் நொறுங்கிவிட்டது. 9.35-க்கு. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. லாரிக்காரர்களுக்கு விஷயமே தெரியாது. பெட்டியை ஏற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் வந்து சேராததால் கேட்டில் அவர் பெயரைத் தாளில் எழுதவே இல்லை.

"பெட்டியத் தனியாத்தான் கொண்டுவந்திருக்கோம்மா" என்றார் விமானி.

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். தாளில் எழுபத்து நான்கு. கையெழுத்து எழுபத்து நான்குக்கு. கணக்கு சரி. மூன்றாவது தப்பு நடக்கவே இல்லை. மேலாளர் அந்த மாதத்தில் முதல்முறையாக அவளைப் பாராட்டினார்.

அவள் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள். காலை 10.41. கணவருக்கு முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். செல்பேசி அடித்தது. புதுசு. விமானத்துக்குள் இருந்து கூப்பிடுகிறாள் என்று பின்னணி இரைச்சலில் தெரிந்தது. குரல் அடித்தொண்டையில் இருந்து வந்தது.

ஜீப்பில் இறந்த அந்தச் சிப்பாயின் பெட்டி இன்று போகிறது என்றாள். அவனுக்குத் துணையாக வர வேண்டியவருக்குக் கடும் காய்ச்சல். வேறு ஆள் இறங்கும் இடத்தில் வந்து சேர்ந்துகொள்வாராம். இங்கிருந்து துணை யாரும் ஏறவில்லை. கேட்காரரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"தாள்ல அறுபத்தி ஒண்ணுக்கா. எனக்கு அறுபத்தி ரெண்டு வருது. மூணு தடவ எண்ணிட்டேன்."

அவள் கையிலிருந்த ஈரத்துணி கீழே விழுந்தது.

"யூனிஃபார்ம்ல யாராவது இருக்காங்களா?"



"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் புதுசு. "கடைசி வரிசையில. பக்கத்துல இருக்கறவங்க கண்டுக்கவே மாட்டேங்கறாங்க. தரையையே பாத்துட்டு இருக்கார்."

"முகம்?"

"இடது புருவத்துல... வெட்டு மாதிரி. ரெண்டா பிரிஞ்சிருக்கு."

படுக்கையில் இருந்த கணவர் யார் போனில் என்று கேட்டார். அவளுக்குக் காதில் விழவில்லை.

"அக்கா, உங்களுக்குப் பதிலா இன்னைக்கு நான்தான் போடணும், கையெழுத்துக்கு நிக்கறாங்க. நான் என்ன பண்ண?"

"அவரை எண்ணாத."