டி-60 என்று மூன்று முறை சொன்னேன்

இது நடந்தது. என் கண் முன்னால், பட்டப்பகலில் நடந்தது. நம்ப விருப்பமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தம் இல்லை.

என்னைச் சந்தேகப்பட உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. இருபத்தோரு வருடம் பொய் சொல்வதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். பெயர் வெர்ல் ஸ்டாக்கர்ட். நெவாடா பாலைவனத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு விமானத் தளத்தில் சார்ஜன்டாக இருந்தேன். அங்கே பறந்த ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் உண்மைப் பெயர் இருந்தது. ஊருக்குச் சொல்ல இன்னொரு பெயர் இருந்தது.

உண்மைப் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எங்கும் எழுதக் கூடாது. கட்டின மனைவியிடம்கூட மூச்சு விடக் கூடாது. நடுத்தூக்கத்தில் எழுப்பி, "என்ன விமானம்?" என்று கேட்பார்கள். பொய்ப் பெயரைச் சட்டென்று சொன்னால்தான் மறுபடி படுக்கலாம். அப்படிப் பழக்கினார்கள் எங்களை.

1983 செப்டம்பர் 11 அன்று எங்கள் விமானம் ஒன்று விழுந்தது. ஓட்டியவர் மேஜர் வெண்டல் கிர்பி. விமானத்தின் உண்மைப் பெயர் எக்ஸ்-88. இதை எழுதவே கூடாது, எழுதிவிட்டேன். ஊருக்குச் சொல்லும் பெயர் டி-60. டி-60 என்பது ஒரு பழைய பயிற்சி விமானம். மேஜரின் மனைவியிடமும் அதைத்தான் சொன்னார்கள். அவரிடம் கொடுத்த சவப்பெட்டியில் பாதிக்கு மேல் மணல்.

மூன்று நாள் அறுபது பேர் அந்த இடத்தைச் சல்லடை போட்டுச் சலித்தோம். நகக்கண் அளவுத் துண்டுகூட விடவில்லை. எல்லாம் பெட்டிகளில் அடைத்து, முத்திரை வைத்துப் போய்விட்டது. கடைசி வேலை ஒன்றுதான் பாக்கி. யாராவது மோப்பம் பிடித்து வந்தால் அவர்கள் கண்ணில் பட ஏதாவது வேண்டும் இல்லையா? பழைய இரும்புக் கிடங்கிலிருந்து ஒரு டி-60ஐ உடைத்து முப்பத்தாறு துண்டு எடுத்தார்கள். அவற்றை அங்கே இறைத்துவிட்டு வர வேண்டும்.

அதற்கு அனுப்பப்பட்டவர்கள் இரண்டு பேர். நானும் ஓடெல் ப்ரூயிட்டும்.

ஓடெல் என் கூட்டாளி. ஆறடி மூன்று அங்குலம். வாய் ஓயாது. வீட்டில் மனைவி நடீன், ஏழு வயதில் மகள் டார்லா.

"செத்தவன் வீட்டுக்கு அடுத்தவன் பொணத்தைக் கொண்டுபோய் எறக்குற மாதிரி இருக்குடா," என்றான், லாரியிலிருந்து ஒரு இறக்கைத் தகட்டை இழுத்துக்கொண்டே.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

"மேஜர் இதைப் பாத்தா கடுப்பாயிருவார். அவர் ஓட்டினது என்ன, இந்த ஓட்டை டப்பா என்ன..."

செப்டம்பர் 14. பிற்பகல் 2:20. வெயில் மண்டையைப் பிளந்தது. காற்றே இல்லை. முதல் துண்டைக் குப்புறப் போட்டுவிட்டுப் பத்தடி நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். அது மல்லாந்து கிடந்தது. நான்தான் மாற்றிப் போட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

2:40. எரிபொருள் கருகிய நாற்றம். கூடவே முடி பொசுங்கும் நாற்றம். மூன்று நாளாக இல்லாத நாற்றம்.

2:52. முப்பத்தாறையும் இறைத்து முடித்தோம். விதிப்படி நடந்துபோய் எண்ண வேண்டும். எண்ணினேன்.

முப்பத்தேழு.

மறுபடி எண்ணினேன். முப்பத்தேழுதான். அதிகப்படியாக இருந்தது கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில், ஓரம் கத்திபோல் இருந்தது. டி-60 வெள்ளி நிறம். இது அதனுடையது இல்லை. எக்ஸ்-88இன் தோல். தொட்டேன். அந்த வெயிலிலும் ஐஸ் மாதிரி சில்லிட்டது.

"கேப்டன்கிட்ட சொல்லணும்," என்றேன்.

"சொல்லு. இன்னும் மூணு நாள் சலிக்கச் சொல்வான். நாளைக்கு டார்லாவுக்குப் பொறந்தநாள்டா." ஓடெல் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அப்புறம் தளத்துல கமுக்கமா அந்தப் பெட்டிங்களோட சேத்துரலாம்."

நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும்.

3:05. என் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது.

"எதுல விழுந்தேன்?"

ஆண் குரல். ஈரமான குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி.

பல வருடப் பழக்கம். யார் என்றுகூட நான் கேட்கவில்லை. "டி-60," என்றேன்.

டங்!

பின்னால் கிடந்த இறக்கைத் தகடு நிமிர்ந்து நின்றது. நின்ற வேகத்தில் சுழன்று வந்து ஓடெலின் முழங்காலில் பாய்ந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். பின்பக்கமாக மடங்க வேண்டிய கால் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது.

"வெர்ல்! யாருடா அது? யாரு அடிச்சது?"

யாரும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உப்புத் தரை.

3:09. வாக்கி-டாக்கி.

"எதுல விழுந்தேன்?"

"சொல்லுடா!" ஓடெல் கத்தினான். "மேஜர்டா அது... உண்மையச் சொல்லித் தொலைடா! அது எக்..."

"டி-60," என்றேன் நான். அவன் சொல்லிவிடுவானோ என்ற பதற்றத்தில், அவன் குரலை அமுக்கிக்கொண்டு சொன்னேன். என்னை என்ன செய்தாலும் தகும்.

ஒரு குழாய்த் துண்டு தரையோடு தரையாக வந்தது. அவன் தாடையில் இறங்கியது.

பல்லும் ரத்தமும் என் சட்டையில் தெறித்தன. தாடை தொங்கியது. அவனுக்கு இனிப் பேச வாய் இல்லை.

குழாய் எழுந்தது. மறுபடி அடித்தது. தோள். விலா. மறுபடி விலா. நான் அதைப் பிடித்து இழுத்தேன். என் இரண்டு விரல்களை அது அறுத்துக்கொண்டு போனது. இன்றும் என் இடது கையில் மூன்று விரல்தான்.

3:14. அடி நின்றது.

ஓடெல் என்னைப் பார்த்தான். ஒரு கண் மூடியிருந்தது. வலது கையை நீட்டினான். ரத்தம் ஒழுகும் விரலால் மணலில் எழுத ஆரம்பித்தான். மெதுவாக... ஒவ்வொரு எழுத்தாக.

உண்மைப் பெயர். முழுசாக எழுதிவிட்டான்.

அதுதான் பதில். அதுவே போதுமாக இருந்திருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

பூட்ஸால் அழித்தேன்.

எங்கும் எழுதக் கூடாது. எழுதியதைக் கண்டால் உடனே அழிக்க வேண்டும். மூளை யோசிக்கவே இல்லை. கால் தானாகப் போனது. ஓடெல் அழிந்த மணலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

3:17.

"எதுல... விழுந்தேன்?"

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். சத்தியம்.

"டி-60."

அவன் சட்டைப் பை அசைந்தது.

உள்ளே இருந்த கறுப்புத் துண்டு... திரும்பியது.

நேராக நெஞ்சுக்குள் போனது.

சர்ரக்...

அவ்வளவுதான்.

3:40க்குக் கேப்டன் எங்ஸ்ட்ரம் வந்தார். ஓடெலைப் பார்த்தார். கிழிந்த சட்டைப் பையைப் பார்த்தார். வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "ஜீப் கவுந்துருச்சு. நெடுஞ்சாலை வளைவுல. நீ பாத்த," என்றார்.

"ஆமா சார்."

அன்று மாலையே ஒரு ஜீப்பை நொறுக்கிச் சாலையோரம் கொண்டுபோய்ப் போட்டோம். விமானத்துக்குச் செய்வது போலவேதான். சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. போன வாரம் ஒரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நல்ல உயரம். வலது கையில் மாவுக்கட்டு. டார்லா.

"அந்த ஜீப் ரிப்போர்ட்டுல சாட்சின்னு உங்க பேரு இருந்துச்சு, வெர்ல் அங்கிள். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன். அப்பா எதுல செத்தாரு?"

"ஏம்மா இப்ப?"

"அன்னிக்கு மூணு பதினேழுக்கு எங்க வீட்டுக்கு போன் வந்துச்சு. அம்மா எடுத்தாங்க. அப்பாதான். 'நடீன், நான் எதுல செத்தேன்னு சொன்னாங்க?'ன்னு கேட்டாரு. அம்மா விளையாட்டுன்னு நெனச்சு சிரிச்சாங்க. ராத்திரி எட்டு மணிக்குத்தான் ஆபீசருங்க வந்து சொன்னாங்க."

அவளுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"வருஷா வருஷம் அதே தேதி, அதே நேரம். எடுக்கலேன்னா விடாம அடிக்கும். வயரைப் புடுங்கிப் போட்டாலும் அடிக்கும். அம்மா 'ஜீப்புல'ன்னு சொல்வாங்க. சொன்னதும் ஏதாவது ஒடையும். மொத வருஷம் மணிக்கட்டு. அப்புறம் இடுப்பு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, போனைக் கையில வெச்சிக்கிட்டே கழுத்து முறிஞ்சு போயிட்டாங்க." அவள் மாவுக்கட்டைத் தடவினாள். "போன வருஷம் நான் எடுத்தேன். இந்தக் கை இன்னும் சேரல. உண்மையச் சொன்னா அவர் நிம்மதியா போயிடுவாரு, அங்கிள். எனக்கு அது தெரியும். எதுல செத்தாருன்னு சொல்லுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புத் துண்டு, குழாய், மணல், என் பூட்ஸ். எதையும் மறைக்கவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. அழுதாள்.

"அந்த பிளேன் பேரு?"

"எக்ஸ்-88," என்றேன்.

அவள் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.

இன்று செப்டம்பர் 14. காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போது மணி 3:11.

எக்ஸ்-88 அதன் உண்மைப் பெயர் இல்லை.

ஊர்ப் பெயரை நம்பாமல் குடைகிறவர்களுக்குச் சொல்ல எங்களுக்கு இரண்டாவதாக ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள். எக்ஸ்-88 அந்தப் பெயர். ஓடெல் கத்தியபோதுகூட அவன் வாயில் முதலில் வந்தது அதுதான். மணலில் எழுதியது வேறு. டார்லாவிடம் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்களிடமும் அதைத்தான் எழுத நினைத்தேன். வரவில்லை.

3:14. அவளைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க அங்கிள். பயப்படாதீங்க, போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். பேரு கையிலேயே எழுதியிருக்கு."

"டார்லா... அது வந்து..."

"என்ன அங்கிள்?"

"ஒண்ணுமில்லம்மா."

வைத்துவிட்டேன்.

3:16. மறுபடி எண்ணை அழுத்துகிறேன். கை வழுக்குகிறது. இந்த முறை சொல்லிவிடுவேன். சொல்லியே தீருவேன்.

3:17.

அவள் வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கிறாளாம்.