பங்குமனையின் முன்கதவு

அந்த நாளில் லண்டன் டூட்டிங்கில் எங்களைவிடப் பெரிய வீட்டில் இருந்த தமிழர் எவரும் இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். மற்றவர்கள் கடைகளுக்கு மேலே ஓர் அறையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். நாங்கள் குடிபோனது கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் இருக்கிற பங்குமனைக்கு. விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம். சிவப்புச் செங்கல், உயர உயரமாகப் புகைபோக்கிகள், கோயிலில் இருப்பதுபோல மேலே கூராக முடிகிற யன்னல்கள். முன்கதவைச் சுற்றிக் கல்லிலே கொடியும் இலையும் செதுக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் விட்ட புழுகுக்கு அளவே இல்லை.

உண்மையைச் சொன்னால், முன்பக்கம் முழுக்கச் சுவாமியாருக்கு. எங்களுக்குக் கிடைத்தது, முன்பு அவருக்குச் சமைத்துக் கொடுத்த மனுசி இருந்த பின்பக்கத்து அறைகளும் குசினியும். வீட்டைக் கட்டினவன் கெட்டிக்காரன். வேலைக்காரர் விருந்தாளிகளின் கண்ணில் பட்டுவிடக்கூடாதென்று அவர்களுக்கு வேறு படிக்கட்டு, வேறு கதவு வைத்திருந்தான். எல்லாம் ஒடுக்கம், ஓர் அலங்காரமும் கிடையாது. சுவாமியார் அப்பாவிடம் தந்தது அந்தப் பின்கதவுப் பூட்டின் திறப்பைத்தான்.

அம்மா பின்படியிலேயே நின்றுவிட்டார். ஒரு கையில் பால் போத்தலும் சட்டியும், மற்றக் கையில் மாதா சுரூபம். தூறல் வேறு.

“புதுவீட்டுக்கு முதல்முதல் போகேக்க பின்கதவாலயோ போறது? நான் வரமாட்டன்.”

“இஞ்சேரும், இடம் தந்த மனுசனுக்கு முன்னால மானத்தை வாங்காதேயும்,” என்று அப்பா பல்லைக் கடித்தார். சுவாமியார் கோபித்துக்கொண்டால் அன்றைக்கு எங்கே படுப்பது என்ற பயம் அவருக்கு. அம்மா அசையவில்லை. ஏழு வயதுக்காரியான நானும் அம்மாவின் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றுகொண்டேன்.

சுவாமியார் அயர்லாந்துக்காரர், தங்கமான மனுசன். அப்பா நெளிந்து நெளிந்து விஷயத்தைச் சொன்னதும் உடனே சம்மதித்தார். நாங்கள் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனோம். ஆனால் அவரே முன்கதவைப் பாவிப்பதில்லை. ஒட்டியிருந்த கோயிலுக்குள்ளால் போய்வருகிறவர். தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போயிருந்தது. உள்ளே நின்று அவர் இழுத்தார், வெளியே நின்று அப்பா தள்ளினார். கதவு அசைந்தால்தானே!

அம்மா கைப்பைக்குள்ளிருந்து தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்தார். குளிரில் அது கட்டியாக உறைந்திருந்தது. கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கி, உருகினதும் அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கதவில் கடிதம் போடுகிற துவாரத்தால் அதை உள்ளே நீட்டி, கதவுக்கு எண்ணெய் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். போத்தல் உள்ளே போனது. பிறகு மெல்லமாகச் செபம் கேட்டது! பாவம் மனுசன், இதுவும் எங்கள் சடங்கென்று நினைத்து, எண்ணெயைப் பெருவிரலில் தொட்டுக் கதவில் சிலுவை போட்டு மந்திரித்துக்கொண்டிருந்திருக்கிறார். செபத்தை இடையில் குழப்பலாமா? அப்பா மழையில் தலைகுனிந்து நின்று, ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் துவாரத்தால் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னார்.

கதவு திறந்த சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. அம்மா வலதுகாலை எடுத்து வைத்தார். உள்ளே சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் பூப்போட்ட ஓட்டுத்தரை, பக்கத்தில் அகலமான மரப்படி. மகாராணியே வந்திருந்தாலும் அப்படி நடந்திருக்கமாட்டா. அவர் என்னுடைய அம்மா என்பதில் எனக்கு நெஞ்சு விம்மியது.

நடுக்கூடத்துக்குப் போனவர் சுரூபத்தை அணைத்தபடி விம்மி விம்மி அழத் தொடங்கினார். அப்பா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு குசினியில் பால் பொங்கியது, சுவாமியாருக்கும் ஒரு கோப்பை போனது. அன்றைக்குப் பிறகு அங்கிருந்த காலம் முழுக்க அம்மா பின்கதவாலேதான் போய்வந்தார். ஒரு முணுமுணுப்பும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று, முன்வாசலில் ஷெல் விழுந்துகொண்டிருக்க, அம்மாவும் அப்பாவும் பின்கதவால்தான் ஓடினார்களாம். நான் அப்பாவின் தோளில் நித்திரையாம். வளர்ந்த பிறகுதான் எனக்கு இது தெரியும். அன்றைக்கு அந்தக் கூடத்தில், இவ்வளவு வடிவான தரையைக் கண்டால் யார்தான் அழமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் பெருமையாகச் சிரித்தபடி நின்றேன்.