ஸ்டெல்லா அக்கா தைத்த காமிக்ஸ்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். நேற்று விடியற்காலையில், நெஞ்சுவலி.

ராயபுரம் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தாரே... அந்த ஸ்டெல்லா அக்காதான்.

இன்று சாயங்காலம் அடக்கம் முடிந்தது. இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் செய்தி வந்ததே ஒரு காமிக்ஸ் வாட்ஸ்அப் க்ரூப்பில்தான். யாரோ அக்காவின் போட்டோவைப் போட்டு, தவறிவிட்டார் என்று எழுதியிருந்தார்கள்.

அதற்குக் கீழே முதல் மெசேஜ்: "கடையில இருந்த ஸ்டாக் என்ன ஆச்சு ப்ரோ?"

கேட்டது க்ரூப் அட்மின். பழைய காமிக்ஸை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஆன்லைனில் பல மடங்கு விலைக்கு விற்கிற ஆள். அந்த மெசேஜுக்கு நாலைந்து பேர் கட்டைவிரல் வேறு காட்டியிருந்தார்கள்.

ஒரு மனுஷி செத்துப்போயிருக்கிறார். ஒரு கும்பிடு எமோஜிக்குக்கூடவா பஞ்சம்?

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. மாமியார் கண்ணாடிக்கு ஃப்ரேம் மாற்றி, மிக்ஸி ஜாருக்கு வாஷர் வாங்கி, மார்க்கெட்டில் சங்கரா மீனும் வாங்கிக்கொண்டு, கடைசியாக வீட்டுப் பழைய பேப்பரைப் போட அக்கா கடைக்குப் போனேன்.

தராசுப் பக்கத்தில் ஒரு கட்டு. அதன் மேல், ஏழாம் வகுப்பில் நான் பெஞ்சுக்கு அடியில் வைத்துப் படித்த அதே காமிக்ஸ்... அட்டை இல்லாமல்.

அங்கேயே ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மீன் தண்ணீர் புத்தகத்தில் சொட்டப் போகிறது என்று அக்கா பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டியதுகூட எனக்குச் சரியாக உறைக்கவில்லை.

காமிக்ஸோடு வீடு வந்து சேர்ந்தேன். மீன் வரவில்லை.

அலறியடித்துக்கொண்டு திரும்பி ஓடினால், அக்கா சுத்தம் செய்த மீனை ஒரு பாத்திரத்தில் போட்டு நீட்டுகிறார். "மீன ஆஞ்சி வெச்சிகீறேன். நீ போய் படி."

நாற்பது வயதுக்கு மேல் நான் மறுபடி காமிக்ஸ் சேர்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

எந்த புக் ஸ்டாலுக்குப் போனாலும் "பையனுக்கா மேடம்?" என்று கேட்பார்கள். இதே க்ரூப்பிலும் கேட்டார்கள். எனக்குப் பையனே கிடையாது என்றால், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் ஒரு பார்வை... எனக்காக நான் வாங்கக் கூடாதா?

அக்கா ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்துக் கடல் காற்றுக்குப் புத்தகத்தில் அடித்த எந்த ஸ்டேப்ளர் பின்னும் தாங்காது. துருப்பிடித்து, பேப்பரையும் அரித்து, நடுப் பக்கம் தனியாக வந்துவிடும்.

அக்கா அந்த பின்னைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வலை ரிப்பேர் பண்ணுகிற நைலான் நூலால் தைத்துவிடுவார். மீன்பிடிக்கிற குடும்பம், வீட்டில் அந்த நூலுக்குப் பஞ்சமில்லை. அட்டை இல்லாததற்குக் காலண்டர் தாளை ஒட்டிக் கொடுப்பார்.

அப்படித் தைத்த ஒன்றை ஆசையாகப் போட்டோ எடுத்து க்ரூப்பில் போட்டேன். ஒரே சிரிப்பு. "கண்டிஷன் போச்சு, இனி விலைக்குப் போகாது, கொலை பண்ணிட்டாங்க" என்று எழுதியதும் அதே அட்மின்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அக்காவிடமே போய்ச் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டார். "புக்கு படிக்கிறதுக்கா, பீரோல வெச்சி பூட்றதுக்கா? கடைசி பக்கம் வுழுந்துட்டா, கதைய எவன்கிட்ட போய் கேப்ப?"

இன்று மதியம் அக்கா வீட்டுக்குப் போனபோது வாசலில் அந்த அட்மின் நிற்கிறான், கூட இன்னொருத்தன். மரியாதை கொடுத்து எழுத மனம் வரவில்லை.

பரவாயில்லையே, முகம் பார்க்க வந்திருக்கிறார்களே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

உள்ளே ஜெபம் நடக்கிறது. அவன் அக்காவின் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கடைச் சாவியைக் கேட்கிறான்.

அந்த மனுஷன் அழுத கண்ணோடு, அக்காவுக்கு வேண்டியவர்கள்போல என்று சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று வேறு சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பின்னாடியே போய்க் கடை வாசலில் நின்றேன். ஒரு புத்தகம் அவன் பையில் விழட்டும், சந்து ஜனம் முழுவதையும் கூட்டிவிடுவது என்று.

காமிக்ஸ் இருந்த அட்டைப்பெட்டியைத் தரையில் கொட்டினான். ஒன்றை எடுத்துப் புரட்டினான், நைலான் தையல். அடுத்தது, அதிலும் நைலான் தையல். ஒன்றுவிடாமல் அக்கா தைத்து வைத்திருந்தார்.

"எல்லாம் வேஸ்ட்" என்று எழுந்தான். கொட்டியதை எடுத்து வைக்கவில்லை, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அடக்கத்துக்கும் வரவில்லை.

எல்லாவற்றையும் நானே பொறுக்கி அடுக்கிவிட்டுச் சாவியைக் கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்தேன். "அக்காவோட தோஸ்துங்கன்னு நெனச்சி குட்த்துட்டேம்மா" என்றார் பாவம்.

பிறகு என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மீன மறந்துட்டு போன பொண்ணு நீதான? அக்கா சொல்லி சொல்லி சிரிக்கும். அந்த புக்குங்க எல்லாத்தையும் நீயே எட்த்துகினு போம்மா."

அங்கேதான் அழுதேன்.

க்ரூப்பில் அட்மின் மெசேஜ் போட்டிருக்கிறான். போய்ப் பார்த்தானாம், கண்டிஷன் ஜீரோவாம். சவப்பெட்டி மூடுவதற்கு முன்னால் கடைச் சாவி கேட்ட உன் கண்டிஷன் என்னடா என்று எழுதிவிட்டு க்ரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

புத்தகங்கள் எல்லாம் இப்போது என் வீட்டில், சாப்பாட்டு மேஜை மேல்.

போய் வாருங்கள் அக்கா... கடைசிப் பக்கம் எதிலும் விழவில்லை.