உப்பு இறங்கும் வரை

மருந்துக் கரைசலை மெல்லிய சவ்வுக் குழாயில் அடைத்து, சுத்தமான தண்ணீரில் போட்டுவிட்டு, உப்பு வெளியேறி முடிந்ததா என்று, தண்ணீரில் உள்ள உப்பை எண்ணாகக் காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பது என் தொழில். மீட்டரை முறைத்தே கழுத்து வலி வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள்.

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு சின்ன மருந்து கம்பெனி. முதல்முறையாக ஒரு பேட்ச் மருந்து முழுக்க என் பொறுப்பில்! தேறினால் வேலை நிரந்தரம். சவ்வு கிழிந்தால் மருந்தும் போச்சு, என் வேலையும் போச்சு.

வீட்டுக்கார அம்மா

ஆசிரமம் பக்கம் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, கிளம்பும் நேரத்தில் என்ன வேலை என்று கேட்டார். சவ்வில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். பொடி உப்பு புகுந்து போய்விடும், பெரிய துகளான மருந்து உள்ளேயே நிற்கும், பம்புகூட வேண்டாம், தானாகவே நடக்கும் என்று உற்சாகமாகக் கையை ஆட்டி விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தானா நடக்கும்னா நீ எதுக்குப்பா போற?"

பௌர்ணமி அவசரம்

அன்று பௌர்ணமி. கூடவே வேலை பார்க்கும் முருகனுக்கு ஊர் கிரிவலப் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலை. கூட்டம் சேருமுன் வீட்டுக்குப் போகத் துடித்தார். வெளித் தண்ணீரை மாற்றாமல் விட்டால் என்ன என்றார்.

"கிரிவலப் பாதை ரொம்பிட்டா பஸ் ஸ்டாண்டு கூட்டம் நகருமா? வெளித் தண்ணில உப்பு சேந்துட்டா உள்ள இருக்கிற உப்பு வராதுங்க" என்றேன். மாற்றினோம். எண் மடமடவென்று இறங்கியது. நான் குதிக்காத குறை. முருகன் பெருமூச்சு விட்டார்: "எங்க ரோட்டையும் இப்பிடி மாத்த முடிஞ்சா நல்லா இருக்குமுங்க."

ஏறிய எண்

மறுநாள் காலை கடைசிச் சோதனை. வெளித் தண்ணீரைக் கொஞ்சம் கப்பில் எடுத்து மேஜையில் வைத்து மீட்டரைப் போட்டேன். கிரிவலம், தரிசனம் முடித்து நேராக வந்த மேனேஜர், நெற்றி நிறைய விபூதியோடு குனிந்து பார்த்தார். எண் எகிறியது. "சவ்வு கிழிஞ்சு உள்ள இருந்ததெல்லாம் வெளிய வந்துடுச்சு. கொட்டிடுங்க" என்றார்.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கெஞ்சி, புதுக் கப்பில் எடுத்து வந்தேன். எண் நன்றாக இறங்கியிருந்தது! "எங்க காட்டுங்க" என்று அவர் மறுபடி குனிய, எங்கள் கண்ணெதிரே ஏறியது. கப்பில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. முருகனும் நானும் தண்ணீரைப் பார்த்தோம். அவர் நெற்றியைப் பார்த்தோம்.

மூன்றாவது கப்பை அவரிடமிருந்து எட்ட வைத்தேன். இறங்கிய எண் அப்படியே நின்றது. பேட்ச் தேறிவிட்டது! மேனேஜர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பின்வாங்கினார்: "உங்க வேலை பர்மனென்ட்டுங்க. நான் செவுத்தாண்டயே நின்னுக்கறேன், நம்பர நீங்க சொல்லுங்க."

மருந்திலிருந்து உப்பைப் பிரிக்கச் சவ்வு இருக்கிறது, மீட்டரிடமிருந்து மேனேஜரைப் பிரிக்கத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.