கர்னல் வீட்டுச் சமோவார்

இது நடந்தது. நான் ஈயம் உருக்கிப் பற்றவைக்கிறவன். இல்லாத ஓட்டையை இருக்கிறது என்று சொல்லி நான் பிழைத்ததில்லை. அந்தச் சமோவாரில் ஓட்டை இல்லை. முதலில் இதை நம்புங்கள்.

தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் சமோவார் எளிமையான பொருள். நடுவில் ஒரு குழல், அதற்குள் எரியும் கரி. குழலைச் சுற்றித் தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை ஈயப் பற்று உருகாது. வற்றினால் உடனே உருகும். ஈயத்தால் ஒட்டிய குழாய்த் திருகு கழன்று விழும். ஆகவே திருகு விழுந்தால் யாரோ தண்ணீர் ஊற்ற மறந்திருக்கிறார்கள்.

ரஷ்யக் கர்னல் யெவ்கிராஃப் லூகிச்சின் புது வீட்டில் நோன்பு தொடங்கியதிலிருந்து மூன்று முறை திருகு விழுந்துவிட்டது. அங்கே சமையல்காரன் என் தம்பி நார்முராத். மூன்றாம் முறை, கொதிக்கும் அந்தத் திருகை அவன் உள்ளங்கையில் வைத்து, கையை மூடச் சொன்னார் கர்னல்.

"நான் நிரப்பித்தான் வெச்சேன் அண்ணே. சாயங்காலம் நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொன்னதும் வத்திடுது. பாங்கு முந்துனா அதுவும் முந்துது" என்றான் தம்பி. கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டினான்.

மாலையில், பாங்குக்கு முன்பே, திருகைப் பற்றவைத்துச் சமோவாரை எடுத்துப் போனேன். கர்னல் என்னைத் தன்னோடு அறைக்குள் இருத்திக் கதவைத் தாழிட்டார்.

"இன்னிக்கு நீயே காவல். நீ பாக்கும்போது வத்துச்சுன்னா உன் தம்பி யோக்கியன். வத்தலைன்னா அவன் பொய்யன். நாளைக்குத் தொழுவத்துல சவுக்கடி, மூச்சு நிக்கிறவரைக்கும்."

விளிம்புவரை நிரப்பினேன். கரி போட்டேன். தண்ணீர் கொதித்தது. கர்னல் கோப்பையில் வெந்நீர் பிடித்துத் தேநீர் கலந்து, என் முகத்துக்கு நேராக வைத்து உறிஞ்சினார்.

"என்னடா, நாக்கு உள்ள இழுக்குதா? ஒரு வாய் குடி. உன் அல்லாகிட்ட நான் பேசிக்கிறேன்." சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

மார்பில் வெள்ளைச் சிலுவைப் பதக்கம். அது எப்படிக் கிடைத்தது என்று அவரே சொன்னார். குமிஸ்-ரவாத் கோட்டையை அவர் பீரங்கியால் பிடிக்கவில்லை. அப்போது இளம் அதிகாரி. கோட்டைக்குப் போகும் வாய்க்காலைத் திருப்பிவிட்டார். நோன்பு மாதம், கடும் கோடை. பெண்கள் பிள்ளைகளோடு மதில்மேல் நின்று கெஞ்சியபோது, அவர்கள் பார்க்கும்படி ஒரு வாளித் தண்ணீரைத் தன் குதிரையின் முதுகில் ஊற்றினாராம். அதன்பின் எத்தனையோ போர்கள், பதக்கங்கள், தொடையில் ஒரு குண்டு. பிடித்த கதை இதுதான்.

"பகல்ல அவங்களே குடிக்க மாட்டாங்க. ராத்திரி நான் விடல. பாதி வேலைய உன் அல்லாவே பாத்துக் குடுத்தாரு."

எங்கள் நோன்பு ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினோரு நாள் முன்னுக்கு நகரும். வசந்தத்துக்குப் போகும், குளிருக்குப் போகும். முப்பத்துமூன்று ஆண்டுகளில் பழைய வெயிலுக்கே திரும்பி வந்துவிடும்.

"அந்தக் கோட்டையப் பிடிச்சது எப்போ, துரை?" என்றேன்.

கர்னல் விரல்விட்டு எண்ணினார். முப்பத்துமூன்று ஆண்டு.

அவர் கோப்பையிலிருந்து கொஞ்சம் தேநீர் தரையில் சிந்தியது. அதையே பார்த்தேன். அந்தச் செங்கற்களின் மேல் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்த பூச்சு. தண்ணீரைத் தாங்குவதற்கென்றே பூசுவது. அதில் தேநீர் குட்டையாக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. கண்ணெதிரே போய்விட்டது...

செங்கற்களின் விளிம்பெல்லாம் சின்னச் சின்னக் கீறல்கள். கொத்தனாரின் கரண்டி பட்டது என்று நினைத்தேன்.

பாங்கு சொன்னார்கள்.

ஸ்ஸ்ப்...

சமோவாரிலிருந்து இல்லை. கீழே. தரையை ஒட்டி. ஒரு வாய் இல்லை. பல வாய்கள்...

மூடியைத் திறந்தேன்.

அவர் பிடித்த ஒரு கோப்பை போக, தண்ணீர் அப்படியே இருந்தது.

தம்பி செத்தான் என்று நினைத்தேன்.

"பாத்தியா? நாளைக்கு உன் தம்பிய..."

சிரிப்பு நின்றது. அவர் உதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை.

"தண்ணி."

கொடுத்தேன். குடித்தார். கோப்பை காலி. நாக்கு காய்ந்த தோல் மாதிரி இருந்தது.

"இன்னும்."

அவர் ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் தரையில்... ஸ்ஸ்ப்.

இன்னும். இன்னும்.

சமோவார் வற்றியது.

டங்.

திருகு விழுந்தது.

கர்னல் தரையில் குப்புறக் கிடந்தார். வாய் செங்கல்லில்.

தாழை நீக்கிக்கொண்டு ஓடினேன்.

விஷம் இல்லை என்று படை மருத்துவர் எழுதினார். பாலைவனத்தில் பல நாள் தண்ணீரில்லாமல் கிடந்த உடல் என்றார். சந்தேகத்தில் பிடித்துவைத்திருந்த தம்பியையும் என்னையும் விட்டுவிட்டார்கள். அவன் விரல்கள் இன்றும் நிமிராது.

நோன்புப் பெருநாள் முடிந்து, அந்தத் தரையைப் பெயர்க்க வந்த கொத்தனார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டைக் கட்டியவரும் அவர்தான். அந்தச் செங்கற்கள் குமிஸ்-ரவாத்தின் குடிநீர்த் தொட்டியின் அடித்தரையில் இருந்தவை. கர்னல்தான் ஆசையாகப் பெயர்த்துவரச் சொன்னாராம். கடைசி நாட்களில் ஊரே அந்த வறண்ட தொட்டிக்குள் இறங்கி, ஈரம் தேடிச் செங்கல்லைக் கடித்திருக்கிறது. அவை கரண்டிக் கீறல்கள் இல்லை. பல் தடங்கள்.

கர்னல் கிடந்த இடத்துச் செங்கல்லை மட்டும் தனியாக எடுத்துவைத்திருந்தார் கொத்தனார்.

"இது நான் பதிச்சப்ப வழவழன்னு இருந்துச்சுப்பா" என்றார்.

அதில் ஒரு தடம். ஆழமாக, புதிதாக.

மேல்வரிசையில் ஒரு பல்லுக்கு இடம் விட்டு.