தரை என்ன தரை?

வண்டியைத் தூக்குகிற ஜெக் விற்பது என்பது பாதிக்குப் பாதி தரையைப் பற்றி விசாரிக்கிற தொழில். ஹட்டன் டவுனில் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். என்னைப் போல நின்று நின்று கால் வீங்கிய கடைக்காரப் பெருமக்களுக்குத் தெரியும், வாங்க வருகிறவர் பொருளை மட்டும்தான் தட்டித் தட்டிப் பார்ப்பார். அது போய் உட்காரப் போகிற இடத்தை நாம்தான் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

உள்ளே யாரும் இல்லையா

வாகன வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஜெக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த யோகநாதனும் பார்த்தார். பழைய வேன் ஒன்றில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவர். ட்ரொலி ஜெக் வேண்டும் என்றார். சின்னச் சில்லுகள் வைத்து உருட்டிக்கொண்டு போவோமே, அது.

தரை என்ன தரை என்று கேட்டேன். தோட்டத்து வரிசை வீடு, லயத்து வாசல், மண் தரை, கொஞ்சம் சரிவு என்றார். அப்படியானால் இது வேண்டாம் என்றேன். ட்ரொலி ஜெக் வண்டியைத் தூக்கும்போது தானும் கொஞ்சம் நகர வேண்டும். மண்ணில் சில்லு புதைந்தால் அது நகராது, வண்டியைத்தான் இழுக்கும். வேன் நிற்கிற அளவுக்காவது சமமாகச் சீமெந்து போட்டுவிட்டு வாருங்கள், ஜெக்கும் முட்டுக் கொடுக்க ஸ்டாண்டும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். வந்த வியாபாரத்தைக் கெடுக்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலும்.

"ஏன் தங்கச்சி, உள்ள ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

ஒபீசில் கேட்டது

அடுத்த முறை எட்டிப் பார்க்காமல் நேராக என்னிடமே வந்தார். முகம் வாடியிருந்தது. வேனை கராஜில் விட்டால் அன்று முழுக்க அங்கேயே நிற்கும், பிள்ளைகள் மழையில் நடக்கும். அவர்கள் தோட்டத்து ரோடு இறக்கமோ இறக்கம். பிரேக்கை அடிக்கடி கழற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஊரான் பிள்ளைகளை ஏற்றுகிறவனுக்கு அந்தப் பயம் இருக்கத்தானே வேண்டும்.

சீமெந்து போட விடவில்லையாம். லயமும் தோட்டத்துடையது, வாசலும் தோட்டத்துடையது. ஒரு சட்டி கொங்கிரீட் கொட்டுவதானாலும் ஒபீசில் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறார். ஒருத்தருக்கு விட்டால் லயமே வந்து நிற்கும் என்று தோட்டத்து மனேஜர் துரை முடியாதென்றுவிட்டார். யோகநாதன் பிறந்ததும் அந்த வாசலில்தான், நடை பழகியதும் அங்கேதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தை வைத்துத் தரை போட முடியுமா என்ன?

"தரை என்ன தரைன்னு கேட்டீங்கல்ல தங்கச்சி. எங்க தரை இல்ல. அதான் தரை."

கதவு

கடைசியில் கோயில் முன்னால் சீமெந்துத் தளம் இருக்கிறது, அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஜெக்கும் ஸ்டாண்டும் வாங்கிப் போனார். ரொம்ப நாள் அப்படித்தான் செய்தார். டவுனுக்கு வந்தால் கடைக்குள் தலையை நீட்டி, பிரேக் கல்லு மாதிரி நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பிறகு நடந்ததை அவருடைய பக்கத்து வீட்டு ஆட்டோக்கார முருகேசு வந்து சொன்னார். திருவிழாவுக்குக் கோயில் தளத்தில் பந்தல் போட்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வேன் பிரேக் கிரீச்சிட்டிருக்கிறது. யோகநாதன் தன் வீட்டு முன்கதவைக் கழற்றி வாசலில் படுக்கப் போட்டு, அடியில் கல் வைத்துச் சமன் பார்த்து, அதன்மேல் ஜெக்கை உருட்டி ஸ்டாண்டும் வைத்திருக்கிறார். நல்ல யோசனைதான். சிரித்துக்கொண்டே செய்தாராம். முந்தின நாள் பெய்த மழையில் கதவுக்கு அடியில் மண் ஊறிக் கிடந்தது. அவர் வேனுக்கு அடியில் இருக்கும்போது கதவு ஒரு பக்கம் இறங்க, ஸ்டாண்ட் சரிய, வேன் இடுப்பில் உட்கார்ந்துவிட்டது. லயத்துச் சனம் ஓடிவந்து வேனைக் கையாலேயே தூக்கியிருக்கிறது. முருகேசு இதைச் சொல்லிவிட்டுத் தான் வாங்க வந்தது என்னவென்றே மறந்து நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஒண்ணும் கெடைக்கலங்க. அந்தக் கதவுலயே வச்சுத்தான் தூக்குனோம்."

புஷ்பம் கொண்டுவந்தது

சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு யோகநாதனின் மனைவி புஷ்பம் கடைக்கு வந்தார். உரச் சாக்கில் சுற்றிய ஜெக்கை பஸ்ஸில் சுமந்து வந்து கவுண்டரில் வைத்தார். விற்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. ஒயில் ஒழுகுகிறது, சீல் மாற்றித் தர முடியுமா என்றார். வேன் விற்றாகிவிட்டது. யோகநாதனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆனால் முருகேசு மாதிரி லயத்து ஆட்கள் ஜெக்கை எடுத்து வேலை செய்கிறார்களாம், அவர் சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்து, ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகாதே என்று சத்தம் போடுவாராம்.

பழக்க தோஷம். தரை என்ன தரை என்று வாயில் வந்துவிட்டது. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். புஷ்பம் கோபப்படவில்லை. சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இப்ப கொங்கிரீட்டுங்க. அவரு நாற்காலி புதையுதுன்னு தொரையே சீமெந்து அனுப்புனாரு. வாசப் பூரா போட்டாச்சு. ஜெக்கு நல்லா ஓடுதுங்க."

ஆகவே கேட்கிறவர்களுக்கு இன்றும் சொல்வேன், வீட்டு வேலைக்கு ட்ரொலி ஜெக்தான் நல்லது, அடியில் நல்ல தரை மட்டும் இருந்தால் போதும், அந்தத் தரையின் விலையைத்தான் எங்கள் கடையில் எழுதி ஒட்டுவதில்லை.